பிறேக்கை விடுகிற கால்

வணக்கம் ஐயா,

எனக்கு 23 வயது. திருகோணமலை உப்புவெளியில் பெரியப்பாவின் வான் ஓடுகிறேன். கார்ப் பந்தயத்தில் ஓட வேண்டும், பிறகு பயிற்றுநராக வேண்டும் என்பது ஆசை. பந்தயத்தில் தேறாதவன்தான் பழக்கப் போவான் என்று கூட்டாளிகள் சிரிக்கிறார்கள். விடியப்புறம் நிலாவெளி றோட்டில் 120இல் போவேன், இதுவரை ஒரு கீறல்கூட இல்லை. முதலில் எந்தக் கார் வாங்கலாம்? சைலன்சர் மாற்றினால் பலன் உண்டா?

— ச.

அன்புள்ள தம்பி,

பழக்குகிறவர்களைப் பற்றியே சில நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால் உங்கள் கடிதத்தைத் தள்ளிவைக்க முடியவில்லை.

முதலில் அந்த 120. அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 33 மீட்டர் போகிறீர்கள். கண் கண்டு கால் பிறேக்குக்கு வரவே ஏறக்குறைய ஒரு நொடி வேண்டும். வண்டி நிற்க, காய்ந்த றோட்டில்கூட, மொத்தம் நூறு மீட்டருக்கு மேல் தேவை. அந்த நேரத்தில் அந்த றோட்டில் மீன்பெட்டி கட்டிய சைக்கிள்கள் வரும், மாடு படுத்திருக்கும், கடற்கரை மணல் தாரில் பரவிக் கிடக்கும். கீறல் விழாதது உங்கள் திறமை இல்லை. எதிரே வந்தவர்கள் ஒதுங்கியதுதான். இன்றோடு நிறுத்துங்கள்.

சைலன்சர் கதையை விடுங்கள். காரும் இப்போது வேண்டாம். கார்ப் பந்தயம் ஒன்று நடக்கும்போது போய், முடக்கு ஒன்று தெரிகிற பாதுகாப்பான இடத்தில் நின்று, ஒவ்வொரு காரின் மூக்கும் எப்போது தாழ்கிறது, எப்போது எழும்புகிறது என்று மட்டும் பாருங்கள்.

உங்கள் கூட்டாளிகளுக்கு அமெரிக்கப் பந்தய வீரர் பொப் பொண்டுரன்ட் பெயரைச் சொல்லுங்கள். 1964இல் பிரான்ஸின் லு மான் 24 மணிப் பந்தயத்தில் டான் கர்னியோடு சேர்ந்து ஜிடி என்ற கார்ப் பிரிவை வென்றவர். 1967இல் அமெரிக்காவின் வட்கின்ஸ் கிளென் பந்தயத் திடலில், மணிக்கு 240 கிலோமீட்டர் அளவு வேகத்தில் சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் கம்பி முறிந்து கார் பிரண்டது. கால்கள் நொறுங்கின. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடியே பாடத்திட்டம் யோசித்து, 1968இல் கார் ஓட்டப் பழக்கும் பள்ளி தொடங்கினார். தேறாதவர் செய்கிற வேலையா அது?

ஆனால் நம் ஊரில் பழக்குகிறவர்கள் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. பிறேக்கை மிதிக்கப் பழக்குகிறார்கள். விடப் பழக்குவதில்லை. ஃபோர்முலா வன் கார்ப் பந்தய உலகப் பட்டத்தை மூன்று முறை வென்ற ஜாக்கி ஸ்டூவர்ட் பெரிதாகச் சொல்லிவருவது பிறேக்கை விடும் விதத்தைத்தான்.

மிதித்தால் வண்டியின் பாரம் முன்னுக்குச் சாய்ந்து முன் ஸ்பிரிங் அமுங்கும். முன் ரயர் றோட்டை இறுக்கிப் பிடிக்கும். திருப்ப வேண்டிய அதே கணத்தில் காலைச் சட்டென்று எடுத்தால் ஸ்பிரிங் துள்ளி எழும்பும், பாரம் பின்னுக்குப் போய்விடும். முன் ரயரின் பிடி குறைய, வண்டி முடக்குக்குள் திரும்பாமல் நேரே இழுக்கும். பழகுகிறவர் பயந்து ஸ்டியரிங்கை இன்னும் ஒடிப்பார். மறுபடி பிடி வரும்போது வண்டி வெட்டி இழுக்கும். மாறாக, முழுப் பிறேக்கோடு திருப்பினால் பாரமில்லாத பின்பக்கம் சுழன்று வரும். ஆள் ஏறாத வெறும் வானில் இது இன்னும் மோசம். ரயருக்கு உள்ள பிடி ஒன்றுதான், அதைப் பிறேக்கும் ஸ்டியரிங்கும் பங்கிட வேண்டும். ஸ்டியரிங் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு பிறேக்கிலிருந்து கால் எழும்ப வேண்டும். ஸ்டியரிங்குக்கும் வலது பெருவிரலுக்கும் இடையே ஒரு கயிறு கட்டியிருப்பதாக நினையுங்கள்.

கோணேசர் கோயிலிலிருந்து கோட்டைக்குள்ளால் இறங்கும்போது இரண்டாம் கியரில் இதைச் செய்யலாம். முடக்குக்கு முன், நேரான இடத்திலேயே வேகத்தைக் குறையுங்கள். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியபடி பாதத்தை எழுப்பிக்கொண்டே திருப்புங்கள். கண் முடக்கின் முடிவில் இருக்கட்டும். மான் நின்றால் மானையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், பார்க்கிற பக்கம்தான் கை போகும். போகக்கூடிய இடைவெளியைப் பாருங்கள்.

நிறுத்தும்போதும் இதே கால்தான். கடைசி ஒரு மீட்டரில் மிதியைத் தளர்த்தாவிட்டால் எல்லார் தலையும் முன்னும் பின்னும் ஆடும். பின்சீட்டில் ஒரு அம்மா மடியில் அர்ச்சனைத் தட்டு வைத்திருப்பார். தேங்காய் உருளும் சத்தம் கேட்டால் பிறேக்கை விட்ட விதம் பிழை. ஒரு மாதம் அந்தச் சத்தத்துக்குக் காது கொடுங்கள். அது நின்ற பிறகு எனக்கு எழுதுங்கள், காரைப் பற்றிப் பேசலாம்.