நாடுகள் கொலை விகிதத்தை எப்படிக் கணக்கிடுகின்றன? இந்தியாவின் எண்ணை அமெரிக்காவோடு ஒப்பிடலாமா?

கேள்வியில் இரண்டு எண்கள் கொடுத்திருக்கிறீர்கள். 2022இல் இந்தியாவில் லட்சம் பேருக்கு 2.1 கொலை, அமெரிக்காவில் 6க்கு மேல். அப்படியானால் அமெரிக்காவைவிட இந்தியாவில் கொலை மூன்று மடங்கு குறைவு என்று சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். இந்தியாவில் குறைவு என்பதை நம்பலாம். மூன்று மடங்கு என்பதை நம்ப முடியாது, ஏனென்றால் இரண்டு நாடுகளும் ஒரே பொருளை எண்ணவில்லை.

நான் மாவட்ட அளவில் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். ஒரு சாவு எந்தக் கட்டத்தில் கொலை ஆகிறது, எந்தக் கட்டத்தில் ஆகாமல் போகிறது என்பதை அருகிலிருந்து பார்க்கிற தொழில். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கணக்கு எளிது. ஓராண்டில் கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுத்து ஒரு லட்சத்தால் பெருக்க வேண்டும். இந்தியாவில் 2021இல் நடக்க வேண்டிய சென்சஸ் நடக்காததால் மக்கள்தொகையே உத்தேசம்தான். ஆனாலும் அதனால் வரும் பிழை சிறியது. சிக்கல் எல்லாம் கொலைகளின் எண்ணிக்கையில்தான்.

எதைக் கொலை என்று எண்ணுவது என்பதற்கு 2015இல் ஐ.நா. ஒரு பொது வரையறை கொண்டுவந்தது. ஒருவர் இன்னொருவரைக் கொன்றிருக்க வேண்டும். கொல்லவோ படுகாயப்படுத்தவோ எண்ணம் இருந்திருக்க வேண்டும். அந்தச் செயல் சட்டவிரோதமாக இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் கணக்கில் வரும். தற்கொலை வராது, சாலை விபத்து வராது, கொலை முயற்சி வராது. போர்ச் சாவுகளும் வருவதில்லை. இலங்கையில் போரின் கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் சொன்னது. 2009ஆம் ஆண்டுக்கான இலங்கையின் கொலை விகிதத்தில் அவர்கள் இல்லை. அந்த ஆண்டு எத்தனை பேர் மனிதர் கையால் செத்தார்கள் என்ற கேள்விக்கு இந்த விகிதம் பதில் தராது. எந்த நாட்டின் எண்ணைப் பார்க்கும்போதும் இது நினைவில் இருக்கட்டும்.

சரி, எண்ணுவது யார்? பெரும்பாலும் இரண்டு வழிகள்தான். ஒன்று போலீஸ், அதாவது பதிவான வழக்குகளை எண்ணுவது. இன்னொன்று இறப்புப் பதிவு, அதாவது மருத்துவர் எழுதிய மரணக் காரணத்தை எண்ணுவது. அமெரிக்காவில் இரண்டும் உண்டு. போலீஸ் கணக்கை எஃப்.பி.ஐ. தொகுக்கிறது, இறப்புச் சான்றிதழ்களை சி.டி.சி. (நோய்க் கட்டுப்பாட்டு மையம்) தொகுக்கிறது. 2001இல் எஃப்.பி.ஐ. சொன்னது ஏறக்குறைய 16,000 கொலைகள், சி.டி.சி. சொன்னது 20,000க்கும் மேல். அந்த ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்த கிட்டத்தட்ட 3,000 பேரை எஃப்.பி.ஐ. வழக்கமான கொலைக் கணக்கில் சேர்க்கவில்லை, சி.டி.சி. சேர்த்தது. அதைக் கழித்தாலும் வித்தியாசம் மிஞ்சுகிறது. தற்காப்புக்காக ஒருவர் இன்னொருவரைச் சுட்டுக் கொன்றால், பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவருக்கு அது இன்னொருவர் கையால் நடந்த சாவு, எழுதிவிடுவார். போலீசுக்கு அது நியாயமான செயல், கொலையில் சேராது. அப்புறம், எஃப்.பி.ஐ.க்கு விவரம் அனுப்பாத காவல் துறைகளும் உண்டு. 2021இல் புதிய பதிவு முறைக்கு மாறியபோது நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெருநகரங்களின் விவரமே வரவில்லை.

இரண்டு கணக்கு இருப்பது குழப்பம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது பெரிய பலமாகத் தெரிகிறது. ஒன்று தவறினால் இன்னொன்று காட்டிக்கொடுக்கும்.

போலீஸ் கணக்கு மட்டும் வைத்து ஒப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் நல்ல உதாரணம். அந்நாட்டுப் போலீஸ் புள்ளிவிவரத்தில் கொலை என்ற தலைப்பின் கீழ் ஆண்டுக்கு 900 வழக்குகள் போல வரும். அதில் கொலை முயற்சியும் அடக்கம். உண்மையில் உயிர் போனவை அதில் பாதிகூட இல்லை. இதைக் கவனிக்காமல் எடுத்தால் உலகிலேயே கொலை மிகக் குறைவான நாடுகளில் ஒன்றான ஜப்பானின் விகிதம் இரண்டு மூன்று மடங்காகிவிடும். ஸ்வீடனிலும் இதே கதை இருந்தது. புகாராக வந்ததெல்லாம், பின்னால் தற்கொலை என்றோ விபத்து என்றோ தெரியவந்தாலும், கணக்கில் நின்றது. அதனால் அந்நாட்டின் குற்றத்தடுப்பு கவுன்சில் ஒவ்வொரு வழக்கையும் சரிபார்த்து, உறுதியான சாவுகளை மட்டும் தனியாக வெளியிடுகிறது.

இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கில் வேறொரு விஷயம். அங்கே கொலை நடந்த ஆண்டைப் பார்ப்பதில்லை, போலீஸ் அதைக் கொலை என்று பதிவுசெய்த ஆண்டைத்தான் பார்க்கிறார்கள். ஹரால்டு ஷிப்மேன் என்ற டாக்டர் பல ஆண்டுகளாகத் தன் நோயாளிகளை ஊசி போட்டுக் கொன்றது 1998இல் வெளியே வந்தது. பின்பு நடந்த விசாரணையின் முடிவில் 172 சாவுகள் மொத்தமாக 2002-03ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறின. அந்த ஆண்டு வரைபடத்தில் திடீரென்று ஒரு கோபுரம் எழும்பும். நாட்டில் வன்முறை கூடிவிட்டதோ என்று தோன்றும். ஆனால் இறந்தவர்களுக்கு மேலோட்டமாகச் சான்றிதழ் எழுதி, புதைத்தோ எரித்தோ பல ஆண்டுகள் ஆகியிருந்தன. சான்றிதழ் எழுதியவரே கொன்றவர் என்பதால் இறப்புப் பதிவு வழியும் அங்கே தோற்றது. 1989இல் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் இறந்த 96 பேர் 2016இல்தான் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள் என்று தீர்ப்பானது. அவர்கள் 2017 மார்ச்சில் முடிந்த ஆண்டின் கணக்கில் இருக்கிறார்கள். கடும் அலட்சியத்தால் வந்த சாவையும் அந்நாட்டுச் சட்டம் அதே தொகுப்பில் வைக்கிறது. பெரும்பாலான நாடுகள் அப்படி வைப்பதில்லை.

இறப்புப் பதிவு வழிக்கும் ஓட்டை உண்டு. குண்டடி பட்ட உடல் வருகிறது, சுட்டுக்கொண்டாரா, சுடப்பட்டாரா, தவறுதலா என்று தெரியவில்லை. அதற்கென்று ‘நோக்கம் தெரியாத மரணம்’ என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். பிரேசிலில் 2019இல் பதிவான கொலைகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. அதே ஆண்டில் இந்தக் கட்டத்தில் போட்ட சாவுகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடின. கொலை குறைந்ததா, கட்டம் மாறியதா? இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்பதுதான் ஆய்வாளர்களின் பதில். மெக்சிகோவில் காணாமல் போனவர்கள் பதிவேடு 2022இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. உடல் கிடைக்கும் வரை அவர்கள் எந்தக் கொலைக் கணக்கிலும் இல்லை.

இப்போது இந்தியா. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 2022இல் 28,522 கொலை வழக்குகள் என்கிறது. 2.1 என்ற விகிதம் இதிலிருந்து வருகிறது. இது எஃப்.ஐ.ஆர். எண்ணிக்கை. ஒரே சம்பவத்தில் நான்கு பேர் கொல்லப்பட்டாலும் வழக்கு ஒன்றுதான் (இறந்தவர்களின் எண்ணிக்கைக்குத் தனி அட்டவணை இருக்கிறது, பலரும் அதைத் திறப்பதில்லை). நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை ஆனாலும் எண்ணிக்கை மாறாது.

முக்கியமானது பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 302, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 103, இதுதான் கொலை. கொலையாகாத மரணம் விளைவித்தல் பழைய 304, அது தனித் தலைப்பு. வரதட்சணை மரணம் இன்னொரு தனித் தலைப்பு. 2022இல் 6,450 வரதட்சணை மரண வழக்குகள். இவை அந்த 28,522இல் இல்லை. ஐ.நா. இவற்றையும் கொலையாகவே பார்க்கிறது. 1999 முதல் 2016 வரை இந்தியாவில் கொல்லப்பட்ட பெண்களில் ஆண்டுதோறும் 40 முதல் 50 சதவீதம் வரதட்சணைச் சாவுகள் என்று அதன் ஆய்வு சொல்கிறது. ஐ.நா. வெளியிடும் இந்திய விகிதம் அண்மை ஆண்டுகளில் 3ஐ ஒட்டி வருகிறது. நீங்கள் பார்த்த 2.1க்கும் இதற்கும் நடுவில் இருப்பவர்களில் ஆயிரக்கணக்கானோர் கல்யாணமாகி ஏழு ஆண்டுக்குள் செத்துப்போன பெண்கள்.

ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி என்று பத்திரிகையில் வாரம் தவறாமல் வந்த காலத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாமியாருக்கும் கணவனுக்கும் அந்த ஸ்டவ் வெடித்ததே இல்லை. அவற்றில் எத்தனை விபத்து என்று முடித்துவைக்கப்பட்டன என்பது எந்த அட்டவணையிலும் இல்லை. இப்போது கல்யாணமாகி ஏழு ஆண்டுக்குள் என்றால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை உண்டு. அது எவ்வளவோ மேல்.

சந்தேக மரணம் என்று ஒரு வாசல் இருக்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு. உடல் கிடைத்தால் பெரும்பாலும் வழக்கு முதலில் அதன் வழியாகத்தான் நுழைகிறது. பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்து, விசாரணை நடந்து, ‘கொலை வழக்காக மாற்றப்பட்டது’ என்றால்தான் கணக்கில் வரும். மாறாவிட்டால் வராது. 2015இல் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் ஒரு தலித் இளைஞரின் உடல் கிடைத்தது. தற்கொலைக் கடிதமும் இருந்தது. சந்தேக மரணமாகத் தொடங்கிய வழக்கு பிறகு கொலை வழக்காக மாறியது. 2022இல் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அது ஆணவக் கொலை. குடும்பமும் அமைப்புகளும் விடாமல் நின்றார்கள், பத்திரிகைகள் எழுதின. நிற்க ஆளில்லாத வீட்டில் இதே உடல் கிடைத்திருந்தால் தற்கொலை அட்டவணையில் ஒரு எண்ணாகப் போயிருக்கும். என்னிடம் வருகிற குடும்பங்கள் உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, “எஃப்.ஐ.ஆர்.ல என்ன செக்‌ஷன் போட்டிருக்காங்க சார்?” என்பதுதான். எங்கே எல்லாம் முடிவாகிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

போலீஸ் எல்லாவற்றையும் மறைக்கிறது என்று நான் சொல்லவில்லை. வெட்டிக் கொன்ற உடலை யாராலும் மறைக்க முடியாது, நம் ஊரில் பெரும்பாலான கொலைகள் நேர்மையாகவே பதிவாகின்றன. என் வருத்தம், நமக்கு இரண்டாவது கணக்கு இல்லை என்பது. 2021இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை 23.4 சதவீதம்தான். மற்ற நான்கில் மூன்று பங்குக்கு மருத்துவக் காரணமே கிடையாது. அமெரிக்காவில் எஃப்.பி.ஐ.யை சி.டி.சி.யை வைத்துச் சோதிப்பது போல இங்கே காவல் நிலையக் கணக்கைச் சோதிக்க எதுவும் இல்லை. விஷம், தூக்கு, கிணறு, தீ என்று வரும் சாவுகளில்தான் இது அதிகம் பாதிக்கும், அதிலும் பெண்கள் விஷயத்தில்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்கக் கொலைகளில் ஐந்தில் நான்கு துப்பாக்கியால் நடப்பவை. அப்படி ஒரு ஆயுதம் பெரும்பாலான இந்திய வீடுகளில் இல்லை. இந்திய எண்ணை 3 என்று எடுத்து, தப்பிப்போனவற்றுக்காக இன்னும் கொஞ்சம் கூட்டினாலும் அமெரிக்க அளவை எட்டாது என்றே நினைக்கிறேன். ஆக, இந்தியாவில் குறைவு என்று தைரியமாகச் சொல்லலாம், எத்தனை மடங்கு என்று சொல்ல வேண்டாம். 2.1 உள்ள நாட்டையும் 2.8 உள்ள நாட்டையும் வரிசைப்படுத்திச் சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை.

இந்திய மாநிலங்களை ஒப்பிடும்போது இன்னும் கவனம் வேண்டும். மருத்துவச் சான்று கோவாவில் கிட்டத்தட்ட முழுமை, பீகாரில் ஒற்றை இலக்கச் சதவீதம். இந்த இரண்டு மாநிலங்களின் கொலை எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதைவிட, ஒரே மாநிலத்தின் பத்து ஆண்டு எண்களை வைத்துப் பாருங்கள். கூடவே அதே ஆண்டுகளின் வரதட்சணை மரணம், தற்கொலை அட்டவணைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். கொலை இறங்கும் ஆண்டில் அவை ஏறியிருந்தால், அந்த மாநிலத்தின் மாவட்டங்களில் சந்தேக மரண வழக்குகள் எப்படி முடிந்தன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுக் கேட்கலாம்.