மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் கடன் தீர்ந்துவிடுமா?

கிரெடிட் கார்டு, பர்சனல் லோன், கைமாற்று மூன்றும் சேர்ந்து கழுத்தை நெரிக்கிறது, மஞ்சள் நோட்டீஸ் விட்டால் தப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நோட்டீஸால் மட்டும் எதுவும் தீராது. இன்னார் திவால் மனு போடப்போகிறார் என்று வக்கீல் சொல்லும் தகவல்தான் அது. கடன் கொடுத்தவரை நிறுத்தி வைப்பது கோர்ட் உத்தரவு.

நான் வக்கீல் குமாஸ்தா, இந்த மனுக்களை டைப் அடித்துப் பழகியவன். சென்னைக்கு 1909-ஆம் வருடத் திவால் சட்டம், மற்ற மாவட்டங்களுக்கு 1920-ஆம் வருடச் சட்டம். 500 ரூபாய் கடன் இருந்தாலே மனு போடலாம் என்கிறது இரண்டாவது. அதன் வயதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2016-இல் புதுச் சட்டம் வந்ததே என்பீர்கள். அதில் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பரில் அமலுக்கு வந்தது. உங்களுக்குப் பழைய சட்டம்தான்.

மனுவில் கடன் பட்டியல்தான் கஷ்டமான இடம். கொடுத்தவர் பெயர், முகவரியோடு எல்லாக் கடனும் வர வேண்டும். வங்கிப் பெயர்களை மளமளவென்று சொல்பவர்கள், மச்சானிடம் வாங்கிய கைமாற்று என்றதும் "அது வேண்டாம் சார், வீட்டுக்குத் தெரிஞ்சிடும்" என்பார்கள். விட முடியாது. வீட்டை மனைவி பெயருக்கு இனாமாக எழுதி வைத்துவிட்டு வருகிற புத்திசாலிகளும் உண்டு. எழுதி இரண்டு வருடத்துக்குள் மனு வந்து திவாலும் ஆனால், அந்தப் பத்திரத்தைக் கோர்ட் ரத்து செய்யலாம்.

திவால் என்று அறிவித்ததும் சொத்து ரிசீவர், அதாவது கோர்ட் நியமிக்கும் பொறுப்பாளர், கைக்குப் போகும். அப்புறம் கோர்ட் கொடுத்த கெடுவுக்குள், கடனிலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கேட்கும் விடுவிப்பு மனு போட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். போடாவிட்டால் அறிவிப்பே ரத்தாகி, கடன் பழையபடி தலையில் நிற்கும். நகைக் கடன், அடமானக் கடன் கொடுத்தவர்கள் எப்படியும் அடமானத்தை விற்று எடுத்துக்கொள்வார்கள்.

மாதச் சம்பளம் வருகிறதா? அப்படியானால் சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவு உங்களுக்கு இதைவிட உபயோகம். கடன் வழக்கில் தோற்றாலும் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் ஜப்தி செய்ய முடியாது. வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7-க்குப் பிறகோ கடன் கேட்டு போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் சொல்லியிருக்கிறது. மீறினால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

சொத்தும் இல்லை, வருமானமும் இல்லை என்றால் மனு போடுங்கள். சம்பளம் ஓடிக்கொண்டிருந்தால் வங்கியோடு செட்டில்மென்ட் பேசுவதுதான் என் யோசனை. ஆனால் ஒத்துக்கொண்ட தொகையை அவர்கள் லெட்டரில் எழுதித் தரும்வரை ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.