மவுஸ் வாங்கும் முன் கையை அளந்து பாருங்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். காலையிலிருந்து மாலை வரை டேலியும் எக்ஸெலும்தான். ஆபீஸில் கொடுத்திருக்கும் மவுஸ் பெரியது, கனமும் கூட. சாயங்காலம் ஆனால் வலது மணிக்கட்டும் தோளும் வலிக்கின்றன. சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். தட்டையாக, வெள்ளையாக, அவ்வளவு அழகான மவுஸ்கள் ஆன்லைனில் கண்ணில் படுகின்றன. "மவுஸில் என்ன அழகு வேண்டிக்கிடக்கிறது, முந்நூறு ரூபாய்க்கு ஏதாவது வாங்கு" என்கிறார் வீட்டுக்காரர். என் கை சிறியது. இரண்டாயிரம் ரூபாய் வரை செலவழிக்க முடியும். அழகும் வேண்டும், கையும் வலிக்கக் கூடாது. எதை வாங்கலாம்?

பதில்: அழகு வேண்டும் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். ஒரு நாளில் மற்ற எந்தப் பொருளையும்விட அதிக நேரம் உங்கள் கையில் இருக்கப்போவது அது. பிடித்ததாக இருக்கட்டும். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் கைக்குப் பொருந்துபவற்றைப் பிரித்து எடுங்கள், அப்புறம் அவற்றுக்குள் அழகானதைத் தேர்ந்தெடுங்கள். படத்தைப் பார்த்து முடிவு செய்துவிட்டு, கையை அதற்குப் பழக்கலாம் என்று நினைப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

ஒரு ஸ்கேலை எடுத்து, மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து பாருங்கள். 17 செ.மீ.க்குக் கீழ் என்றால் சிறிய கை, 17 முதல் 19 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரிய கை என்று தோராயமாகப் பிரிக்கலாம். மவுஸின் நீளம் கையின் நீளத்தில் பத்தில் ஆறு பங்கு அளவில் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக வரும். உங்கள் கை 16.5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 10 செ.மீ.யை ஒட்டிய மவுஸ் போதும். ஆபீஸ் மவுஸ் 12 செ.மீ. இருந்தால், சக்கரத்தைத் தொடவே நீங்கள் விரலை நீட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். வலிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்தது உயரம். நீங்கள் பார்த்து ஆசைப்படும் தட்டை மவுஸ்களின் சிக்கல் இங்கேதான். ஆப்பிளின் மேஜிக் மவுஸ் 2.2 செ.மீ. உயரம்கூட இல்லை. லாஜிடெக்கின் பெபிள் 2.7 செ.மீ.க்குள் அடங்கிவிடும். பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போகவும், அரை மணி நேரம் மெயில் பார்க்கவும் அவை நல்ல மவுஸ்கள்தான். ஆனால் உள்ளங்கை சாய்ந்துகொள்ள அவற்றில் மேடு கிடையாது. கை அந்தரத்தில் நிற்கும், விரல்கள் நாள் முழுக்க இறுகிப் பிடித்திருக்கும். எட்டு மணி நேர வேலைக்கு நான் அவற்றைச் சொல்ல மாட்டேன், எவ்வளவு அழகாக இருந்தாலும். மேஜிக் மவுஸுக்குச் சார்ஜ் போடும் துளை அடிப்பக்கத்தில் இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது வேலை செய்ய முடியாது. 2024-இல் வந்த புதிய பதிப்பிலும் அதை அவர்கள் மாற்றவில்லை. முதுகு 4 செ.மீ. அளவுக்கு உயர்ந்திருக்கும் மவுஸாகப் பாருங்கள்.

எடை பற்றிக் கேட்டிருந்தீர்கள். 100 கிராமுக்குள் இருந்தால் கைக்கு நல்லது. பேட்டரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஒரு சாதாரண ஏஏ பேட்டரியே 23 கிராம் வரும். லித்தியம் ஏஏ பேட்டரி போட்டால் 15 கிராம்தான், விலை கொஞ்சம் கூடுதல். கையில் இருக்கும் மவுஸே கனமாகத் தெரிந்தால், புதிது வாங்குமுன் இதை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

இனி பெயர் சொல்கிறேன். உங்கள் கைக்கும் வேலைக்கும் லாஜிடெக் எம்220 சைலன்ட் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். நீளம் 10 செ.மீ., உயரம் 4 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, பேட்டரியோடு சுமார் 75 கிராம். கிளிக் சத்தம் பக்கத்து மேசைக்குக் கேட்காது. இன்னும் கொஞ்சம் நேர்த்தியாக வேண்டுமென்றால் அதே கம்பெனியின் சிக்னேச்சர் எம்650. செருப்பு போல அளவு சொல்லி விற்கப்படும் மவுஸ்கள் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று. சிறிய, நடுத்தரக் கைகளுக்கு ஓர் அளவு, பெரிய கைக்கு எல் என்று இன்னோர் அளவு. ரோஜா நிறத்திலும் வருகிறது, நிஜமாகவே அழகு. பட்ஜெட்டைத் தாண்டினால் தள்ளுபடிக் காலம் வரை பொறுக்கலாம். ஒரே கம்பெனியைச் சொல்வதற்குக் காரணம், அளவுகளை அவர்கள் தெளிவாகப் போடுகிறார்கள் என்பதுதான். டெல், ஹெச்.பி., சென்னையைச் சேர்ந்த ஜெப்ரானிக்ஸ் எல்லாவற்றிலும் இதே அளவில் மவுஸ்கள் உண்டு. கடையில் பிடித்துப் பார்த்து, கைக்கு வந்தால் தாராளமாக வாங்குங்கள்.

நிறத்துக்கு வருவோம். வெள்ளை வாங்கினால் கட்டைவிரல் படும் இடம் சில மாதங்களில் பழுப்பேறும். மதியச் சாப்பாட்டு மஞ்சளும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். சொரசொரப்பான சாம்பல், அடர் நீலம், வெளிர் ரோஜா நிறங்கள் பல நாள் புதுசு போலவே இருக்கும். கண்ணாடி போல மினுங்கும் பிளாஸ்டிக் வேண்டாம், வியர்த்தால் வழுக்கும். அடியில் விளக்கு எரியும் ரகங்கள் பேட்டரியைத் தின்னும். உங்கள் கணக்கு வேலைக்கு அது எதற்கும் உதவாது.

சென்சார் பற்றி விளம்பரம் செய்வதை அதிகம் கண்டுகொள்ள வேண்டாம். 1000 டி.பி.ஐ. (மவுஸ் ஓர் அங்குலம் நகர்வதை எத்தனை புள்ளிகளாக உணர்கிறது என்ற கணக்கு) இருந்தாலே எக்ஸெலுக்குத் தாராளம்.

ஆனால் உங்கள் தோள்வலியை மவுஸ் மட்டும் தீர்க்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் கீபோர்டின் வலது ஓரத்தில் எண் கட்டை இருக்கிறது அல்லவா? கணக்கு வேலைக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் அது மவுஸை இன்னும் அரைச் சாண் வலப்பக்கம் தள்ளிவிடுகிறது. எண் கட்டைக்கும் மவுஸுக்கும் இடையே நாள் முழுக்கக் கை அலைகிறது, தோள் வெளிப்பக்கம் விரிந்தே இருக்கிறது. கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு நான் விரும்பிச் சொல்லும் வழி ஒன்று உண்டு: மவுஸை இடது கைக்கு மாற்றிவிடுங்கள். வலது கை எண் கட்டையிலேயே இருக்கட்டும், செல்லைத் தேர்ந்தெடுப்பதை இடது கை பார்த்துக்கொள்ளட்டும். முதல் சில நாட்கள் எரிச்சலாகத்தான் இருக்கும், பிறகு படிந்துவிடும். மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கெல்பார்ட் 1968 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் அதை மேடையில் காட்டியபோது, வலது கையில் மவுஸும் இடது கைக்கு ஐந்து கட்டைகள் கொண்ட ஒரு சிறு கருவியும் வைத்திருந்தார். இரண்டு கைக்கும் வேலையைப் பிரித்துக் கொடுப்பது அவ்வளவு பழைய யோசனை. எம்220 இரு பக்கமும் ஒரே வடிவம் என்பதால் இதற்கும் ஒத்துவரும். எம்650-இன் சிறிய அளவு வலது கைக்கு வளைத்த வடிவம், அதனால் இந்த வழியில் போவதாக இருந்தால் எம்220-தான்.

டேலியில் மவுஸைத் தொடும் தேவையையே குறைக்கலாம். எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீப்ட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ் என்று விரலிலேயே எல்லாம் இருக்கிறது. ஆல்ட்டும் ஜி-யும் சேர்த்து அழுத்தினால் எந்த ரிப்போர்ட்டுக்கும் போய்விடலாம்.

ஒன்றை அலட்சியம் செய்ய வேண்டாம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இந்த மூன்றிலும் மரத்துப்போகும் உணர்வு இருந்து, அதுவும் இரவில் தூக்கத்தைக் கலைக்கிறது என்றால், கடைக்குப் போகுமுன் டாக்டரிடம் போங்கள். மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

கேள்வி: செங்குத்தாக நிற்கும் மவுஸ் வாங்கினால் கைவலி போய்விடும் என்று நண்பர் சொல்கிறார். எனக்கு இடது கைப் பழக்கம் வேறு. அப்படி ஏதாவது கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். சாதாரண மவுஸைப் பிடிக்கும்போது உள்ளங்கை கீழே பார்க்கிறது. அதற்காக முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று திருகிக்கொள்கின்றன. செங்குத்து மவுஸில் ஒருவருக்குக் கை கொடுப்பது போலப் பிடிக்கிறோம், திருகல் குறைகிறது. முன்கையில் இறுக்கம் உள்ள பலருக்கு நல்ல வித்தியாசம் தெரியும். ஆனால் எல்லா வலிக்கும் அது மருந்து இல்லை. வலி தோளிலோ கழுத்திலோ இருந்தால் மேசை உயரத்தையும் நாற்காலியையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

லாஜிடெக் லிஃப்ட் 57 டிகிரி சாய்வு, 125 கிராம், சிறிய முதல் நடுத்தரக் கைகளுக்கு. இடது கைக்கென்றே தனியாக ஒரு வடிவம் விற்கிறார்கள். அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும், பெட்டியில் இடது கை என்று இருக்கிறதா என்று பாருங்கள். கை 19 செ.மீ.க்கு மேல் என்றால் அது சிறியதாகத் தெரியும். பெரிய கைக்கு எம்எக்ஸ் வெர்டிகல் இருக்கிறது, ஆனால் அது வலது கைக்காரர்களுக்கு மட்டும். விலை இரண்டுமே அதிகம். பழக ஒரு வாரமாவது ஆகும், நுணுக்கமான படவேலைக்கு இன்னும் கூடுதல். ஆகவே திருப்பிக் கொடுக்க வசதியுள்ள இடத்தில் வாங்குங்கள்.

சாதாரண மவுஸே போதும் என்றால் ஒரு எச்சரிக்கை. "இரு கைக்கும் ஏற்றது" என்று போட்டிருக்கும் பலவற்றில் பக்கவாட்டுப் பட்டன்கள் இடது பக்கம் மட்டுமே இருக்கும். அங்கே உங்கள் சுண்டுவிரல்தான் படும், தெரியாமல் அழுத்தி முந்தைய பக்கத்துக்குப் போய்க்கொண்டே இருப்பீர்கள். பக்கப் பட்டனே இல்லாததை வாங்குவது நல்லது.

கேள்வி: இரண்டு வருடம் முன்பு ஆசையாக வாங்கிய மவுஸ், ரப்பர் போல மெத்தென்று இருந்தது. இப்போது தொட்டால் பிசுபிசு என்று ஒட்டுகிறது. வாரண்டி ஒரு வருடம்தான் என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். சென்னையில் இருக்கிறேன். தூக்கிப் போடத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். மவுஸின் உள்ளே ஒன்றும் ஆகியிருக்காது. மேலே பூசியிருக்கும் பாலியூரித்தேன் பூச்சு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து சிதைகிறது, அவ்வளவுதான். சூடும் ஈரமும் கூடினால் அது இன்னும் வேகமாக நடக்கும். கடலோர ஊர்களில் சொல்லவே வேண்டாம். பயன்படுத்தாமல் டிராயரில் வைத்திருந்தாலும் ஒட்டும். கடையில் தொட்டவுடனே மனதைக் கவரும் அந்த மெத்தென்ற மேற்பூச்சைத்தான் நம் ஊர் வெப்பநிலைக்கு நான் முதலில் ஒதுக்குவேன். பிளாஸ்டிக்கிலேயே சொரசொரப்பு வார்த்த மவுஸ் வாங்குங்கள். பிடிப்புக்குப் பக்கவாட்டில் தடித்த ரப்பர் பட்டை இருந்தால் அது வேறு, பரவாயில்லை.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பழைய துணியில் லேசாக நனைத்து, பிழிந்து, தேய்த்து எடுங்கள். மருந்துக் கடையிலும் ரிச்சி தெருவில் மொபைல் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளிலும் கிடைக்கும். நேராக ஊற்ற வேண்டாம், உள்ளே இறங்கிவிடும். கறுப்பாக உருண்டு உருண்டு வரும், பொறுமை வேண்டும். கம்பெனிப் பெயரும் அழியலாம். அடியில் சாதாரண பிளாஸ்டிக் வெளிப்படும், அதோடு இன்னும் சில வருடம் ஓட்டலாம். பவுடர் தூவச் சொல்வார்கள். ஒரு நாளைக்கு மேல் தாங்காது.

வாரண்டி முடிந்த நிலையில் கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. ஆனால் புதிதாக வாங்கும்போது இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள் திருப்பி எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருந்தாலும், குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. நிறம் பிடிக்கவில்லை, கைக்கு வரவில்லை என்பது குறை ஆகாது. அங்கே கடையின் ரிட்டர்ன் விதிதான். அதனால்தான் மவுஸ் விஷயத்தில் அந்த விதியைப் பணம் கட்டும் முன்பே படிக்கச் சொல்கிறேன். ஆன்லைனில் வாங்கியதென்றால், புகாரைப் பெற்றுக்கொண்டோம் என்று 48 மணி நேரத்துக்குள் அவர்கள் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. பில் மட்டும் கையில் இருக்க வேண்டும். வாங்கிய அன்றே மொபைலில் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: புது வயர்லெஸ் மவுஸ். லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் செருகினால் மட்டும் அம்புக்குறி திக்கித் திக்கி நகர்கிறது. மவுஸ் பழுதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. யு.எஸ்.பி. 3 கருவிகள் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் உண்டாகும். உங்கள் மவுஸின் டாங்கிள் (யு.எஸ்.பி. துளையில் செருகும் சின்ன ரிசீவர்) பேசுவதும் அதே அலைவரிசையில்தான். இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் துளையில் இருந்தால் இப்படித் திக்கும். டாங்கிளை லேப்டாப்பின் மறுபக்கம் மாற்றுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் ஒரு சிறு யு.எஸ்.பி. நீட்டிப்பு வயர் வாங்கி, டாங்கிளை மவுஸுக்குப் பக்கத்தில் மேசையிலேயே வைத்துவிடுங்கள். இரண்டுக்கும் சரியாகாவிட்டால் மட்டும் கடைக்கு எடுத்துப் போங்கள், பில்லில் சொன்ன காலம், அது இல்லையென்றால் 30 நாள், தாண்டுவதற்குள்.