பொலிஞ்ஞானோ வேண்டாம், பாரியில் தங்குங்கள்

தம்பி, இத்தாலியின் வடக்கே டூரினுக்கு வேலைக்கு வந்து 4 மாதம்தான் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரிலிருந்து அம்மா வருகிறார்கள். அக்டோபர் கடைசி வாரம், 5 இரவு, தெற்கே கூட்டிப்போக வேண்டும். கார் கிடையாது. அம்மா சைவம், முழங்கால் வலி வேறு. பொலிஞ்ஞானோ என்ற கடலோர ஊரில் பாறை விளிம்பில் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஓர் அறையின் படத்தைப் பார்த்துவிட்டு, அங்கே தங்கலாமா, இல்லை லெச்சேவா, மத்தேராவா என்று கேட்கிறீர்கள்.

என் பதில் பாரி. நீங்கள் கேட்ட பட்டியலிலேயே இல்லாத ஊர். 14 வருடமாக இங்கே இருக்கிறேன், வள்ளல் பெயர் கொண்ட இந்த ஊர் மேல் எனக்குப் பாசம் உண்டு. ஆனால் பாசத்தால் சொல்லவில்லை. தெற்கு இத்தாலியின் பூலியா பிராந்தியத்தில் முக்கியமான ரயில் பாதைகள் எல்லாம் பாரியில்தான் வந்து சேருகின்றன. கடலோரப் பாதையில் பொலிஞ்ஞானோ அரை மணி நேரம், அடுத்தது மொனோபொலி, இன்னும் கீழே போனால் லெச்சே. மத்தேராவுக்குப் போகும் சின்ன ரயில், பெரிய ரயில் நிலையமான பாரி சென்ட்ராலேவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் தனி நிலையத்திலிருந்து கிளம்புகிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பொலிஞ்ஞானோவில் தங்கினால் முதலில் பாரிக்கு வந்து, நிலையம் மாறி, அப்புறம்தான் மத்தேரா. முழங்கால் வலியோடு ஒரே நாளில் போய்த் திரும்ப அது அதிகம்.

இன்னொரு காரணம், ஆகஸ்டில் எடுத்த படங்களில் தெரியாதது. அக்டோபரின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதற்குப் பிறகு இங்கே மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பொலிஞ்ஞானோவுக்குப் பகலில் வந்த கூட்டம் ரயிலேறிப் போய்விடும், கோடைக்காக நடக்கும் உணவகங்களில் பல கதவைச் சாத்தியிருக்கும். இருட்டிய பிறகு அந்த அழகான அறையிலிருந்து கடல் தெரியாது, சத்தம்தான் கேட்கும். நீங்களும் அம்மாவும் 6 மணியிலிருந்து அறைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். பாரி 3 லட்சம் பேர் வாழ்கிற ஊர், பல்கலைக்கழகமும் இருக்கிறது. இலையுதிர் காலத்தில்தான் அது தன் இயல்புக்குத் திரும்புகிறது. மாலையில் வியா ஸ்பரானோ தெருவில் தாத்தா பாட்டி முதல் குழந்தை வரை குடும்பமாக நடப்பார்கள். அம்மாவுக்கு வேடிக்கை பார்க்க அதுவே போதும்.

பாரியிலும் எங்கே என்று கேட்பீர்கள். பழைய ஊருக்குள் வேண்டாம். என் அம்மா முதல் தடவை வந்தபோது அங்கேதான் வீடு எடுத்தேன். நூற்றாண்டுகளாகக் கால் பட்டு வழவழப்பாகிப்போன கல் தரை. மூன்றாம் நாள் தூறலில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. மிச்ச நாட்களை வீட்டுக்குள்ளேயே கழித்தார்கள். இன்றைக்கும் நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. அதனால் சொல்கிறேன், ரப்பர் அடி வைத்த ஷூ இல்லாமல் அம்மாவைக் கிளப்பாதீர்கள். செருப்பு போதாது.

ரயில் நிலையத்துக்கும் பழைய ஊருக்கும் நடுவே முராத் பகுதி இருக்கிறது. நெப்போலியனின் தங்கை கணவர் முராத் 1813-ல் அடிக்கல் நாட்டியது. கட்டம் போட்ட மாதிரி நேர் தெருக்கள், மேடு பள்ளம் கிடையாது. இங்கே சமையலறையோடு வீடு பாருங்கள். பணம் கட்டுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் லிஃப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள், ‘அஷென்சோரே’ என்பார்கள். அப்புறம், அறையைச் சூடாக்க ஏசி மாதிரி ஓடும் ‘பொம்பா தி கலோரே’ இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். புதிதாக வந்த யாருக்கும் இது தெரிவதில்லை. இத்தாலியில் கட்டடங்களின் சூடேற்றியை எந்தத் தேதியிலிருந்து போடலாம் என்பதைச் சட்டம் ஊர்வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறது. உங்கள் டூரினில் பொதுவாக அக்டோபர் 15. பாரியில் நவம்பர் 15. தெற்கு என்றால் வெயில் என்று நம்பி வந்துவிட்டு, கல் வீட்டின் ஈரக் குளிரில் இரண்டு போர்வை போட்டும் தூங்காதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மத்தேராவை வார நாளில் வையுங்கள். அந்தச் சின்ன ரயில் ஞாயிறும் விடுமுறை நாளும் ஓடாது, பதிலுக்குப் பேருந்துதான். நவம்பர் 1 எல்லாப் புனிதர் நாள், அதுவும் விடுமுறை. அங்கே குகை வீடுகள் இருக்கும் சாஸ்ஸிக்குள் அம்மாவை இறக்காதீர்கள், முழுக்கப் படிக்கட்டு. விட்டோரியோ வெனேத்தோ சதுக்கம்வரை சமதரையில் நடந்து, அங்குள்ள வளைவுகளின் வழியாக எட்டிப் பார்த்தாலே சாஸ்ஸியின் பெரும் பகுதி கண்ணுக்கு முன்னால் விரியும். ஆடு மாடோடு ஒரே குகையில் வாழ்ந்த ஆயிரக்கணக்கானவர்களை 1952-ல் சட்டம் போட்டு வெளியே குடியமர்த்தினார்கள். 1993-ல் அதே குகைகள் உலக மரபுச் சின்னமாயின. இதை அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள், பார்வையே மாறும்.

லெச்சே அம்மாவின் முழங்காலுக்கு ஏற்ற ஊர், எல்லாம் தட்டை. தேன் நிற மென்கல்லில் செதுக்கிய சாந்தா குரோச்சே கோவில் முகப்பின் முன்னால் அரை மணி நேரம் நிற்பார்கள் பாருங்கள். பொலிஞ்ஞானோவையும் மொனோபொலியையும் ஒரே நாளில் முடிக்கலாம். பொலிஞ்ஞானோவுக்குக் காலையில் 2 மணி நேரம் போதும், மிச்சத்தை மொனோபொலி மீன்பிடித் துறைமுகத்துக்குக் கொடுங்கள். கூம்புக் கூரை வீடுகளுக்குப் பெயர்போன அல்பெரோபெல்லோவை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். தூறல் இல்லாத ஒரு நாளுக்குப் பாரியின் பழைய ஊரில் சான் நிக்கோலா பேராலயம் இருக்கிறது. 1087-ல் பாரி மாலுமிகள் இன்றைய துருக்கியில் இருக்கும் மீராவிலிருந்து கொண்டுவந்த புனித நிக்கோலாசின் எலும்புகள் அங்கே நிலவறையில் இருக்கின்றன.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். ‘ஃபாவே எ சிக்கோரியே’ கேளுங்கள். காய்ந்த ஃபாவா அவரையை வேகவைத்துக் கடைந்து, கசப்புக் கீரையோடு, மேலே ஆலிவ் எண்ணெய் விட்டுத் தருவார்கள். நம் வீட்டுப் பருப்புக் கடையல்தான். ஆலிவ் அறுவடை நேரம் என்பதால் புது எண்ணெய் தொண்டையில் லேசாகக் காறும், அது நல்ல எண்ணெயின் அடையாளம். தக்காளியும் ஆலிவும் பதித்த பாரி ஃபொக்காச்சா ரொட்டியும் சைவம். ஆனால் கீரை போட்ட ஒரெக்கியெத்தே பாஸ்தாவில் பெரும்பாலும் நெத்திலி மாதிரி மீனைக் கரைத்திருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. ‘சென்சா அச்சூகே’, அதாவது அந்த மீன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தயிர் சாதத்துக்குச் சர்க்கரை சேர்க்காத வெள்ளைத் தயிர் எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

வசிப்பு அனுமதி அட்டை இன்னும் கைக்கு வரவில்லை என்றால் தபால் நிலையத்தில் கொடுத்த ‘ரிச்செவூத்தா’ என்ற ரசீதையும் பாஸ்போர்ட்டையும் கூடவே வைத்திருங்கள். இத்தாலிக்குள் அது போதும். வேறு ஷெங்கன் நாட்டின் வழியாகப் போகும் விமான டிக்கெட்டை மலிவு என்று எடுத்துவிடாதீர்கள், அந்த ரசீதை மட்டும் வைத்து அங்கே போக முடியாது. பிராந்திய ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் நிலையத்து இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள், மொபைலில் வாங்கினால் செக்-இன் செய்யுங்கள்.

திரும்பும்போது விமானம் சரி. போகும்போது பகல் ரயிலில் போங்கள். மிலானிலிருந்து பாரிக்கு ஏழு மணி நேரம் ஆகும், ஆனால் இடது பக்கச் சன்னலில் அம்மாவை உட்கார வையுங்கள். ரிமினி தாண்டியதும் ஏட்ரியாடிக் கடல் வர ஆரம்பித்து, அங்கோனாவுக்குக் கீழே பல இடங்களில் தண்டவாளத்தை ஒட்டியே வரும்.