636701: தருமபுரி பின்கோடு பற்றிக் கணக்கு டீச்சர் பதில்கள்

பாலக்கோடு: டீச்சர், 1-ல் முடிகிறது, 3-ஆல் வகுபடவில்லை. 636701 பகா எண்தானே?

இல்லை. 21-கூட 1-ல்தான் முடிகிறது. ஆறு இலக்க எண் கிடைத்தால் நான் முதலில் நினைப்பது 1001-ஐத்தான், ஏனென்றால் அது 7 × 11 × 13. எண்ணை மும்மூன்று இலக்கமாகப் பிரித்துக் கழியுங்கள்: 701 − 636 = 65. இந்த 65, 13-ஆல் வகுபடும். 7-ஆலும் 11-ஆலும் வகுபடாது. 636701 = 636 × 1001 + 65 என்பதால் அதற்கும் அப்படியேதான். 13-ஆல் வகுத்தால் 48977, அதை 17-ஆல் வகுத்தால் 2881, அது 43 × 67. ஆக 13 × 17 × 43 × 67. நான்கும் வெவ்வேறு பகா எண்கள் என்பதால் மொத்தக் காரணிகள் 2 × 2 × 2 × 2 = 16. எத்தனை அழகான எண் பாருங்கள்!

அரூர்: என் செல்போன் எண் பகா எண்ணா?

செல்போன் எண்ணைப் பொதுவில் எழுதாதீர்கள். உங்கள் எண்ணை அழித்துவிட்டேன்.

ஓசூர்: 635109?

இலக்கங்களின் கூட்டுத்தொகை 24. 3-ஆல் வகுபடும், பகா எண் இல்லை.

கிருஷ்ணகிரி: எங்கள் 635001 = 3 × 17 × 12451. இதிலும் 17! 2004 வரை ஒரே மாவட்டமாக இருந்ததாலா?

மாவட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் 1700, அதாவது 17 × 100. ஒன்று 17-ஆல் வகுபட்டால் மற்றதும் வகுபட்டே தீரும். நல்ல கண் உங்களுக்கு.

பென்னாகரம்: 636701-இன் இலக்கங்களைக் கூட்டினால் 23, மறுபடி கூட்டினால் 5. ஊருக்கு ராசியா?

ராசி நான் பார்ப்பதில்லை. 9-ஆல் வகுத்தால் மீதி 5, அவ்வளவுதான்.

ஊத்தங்கரை: என் மொபைல் நம்பரையும்...

மேலே அரூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். எண்ணைப் போடாதீர்கள்.

காரிமங்கலம்: பகா எண்ணா என்று பார்க்கப் பாதிவரை வகுக்க வேண்டாமா?

வேண்டாம். வர்க்கமூலம் போதும். இரண்டு காரணிகளுமே அதைவிடப் பெரிதாக இருந்தால் பெருக்கல் எண்ணைத் தாண்டிவிடும். 636701-க்கு வர்க்கமூலம் 797.9, அதுவரை உள்ள பகா எண்கள் 139-தான்.

காவேரிப்பட்டினம்: அதுகூட எதற்கு? ஃபெர்மா முறையில் (வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணிலிருந்து ஒவ்வொன்றாக வர்க்கப்படுத்தி, நம் எண்ணைக் கழித்தால் மீதியும் ஒரு வர்க்கமா என்று பார்ப்பது) நாலே முயற்சி! 798, 799, 800 மூன்றிலும் வரவில்லை. 801² − 636701 = 4900 = 70². உடனே 871 × 731.

சபாஷ்! 801 − 70, 801 + 70. காரணிகள் நெருங்கி இருப்பதால் சீக்கிரம் கிடைத்தது.

காரிமங்கலம்: அதே முறையை 635001-க்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

நியாயமான கேள்வி. அங்கே மிக நெருங்கிய ஜோடியே 51 × 12451. ஃபெர்மா முறை 797-ல் தொடங்கி 6251 வரை, 5455 முயற்சி நடக்க வேண்டும். 3-ஆல் வகுத்தவருக்கு முதல் காரணி உடனே கிடைத்துவிடும்.

காவேரிப்பட்டினம்: அப்படியானால் ஃபெர்மா முறை வீணா?

வீணில்லை. சின்னப் பகா எண்களால் வகுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் அதை எடுங்கள். ஆர்.எஸ்.ஏ. மறையாக்கத்துக்கு (தகவலை ரகசியமாகப் பூட்டும் முறை, இரண்டு பகா எண்களின் பெருக்கல்தான் அதன் பூட்டு) பெரிய பகா எண் இரண்டைத் தேர்ந்தெடுக்கும்போது, அவை ஒன்றுக்கொன்று மிக அருகில் இருக்கக் கூடாது என்று விதியே உண்டு. அருகில் இருந்தால் நீங்கள் 801-ல் பிடித்த மாதிரியே பிடித்துவிடலாம்.