நாலாவது ஸ்டேஜும் நடுராத்திரி கேஷுவாலிட்டியும்: கேள்வி பதில்

புற்றுநோய் முற்றியவர்களின் குடும்பத்தினர் கேட்கும் கேள்விகள் இவை. பதில் சொல்பவர், வலி தணிப்புப் பிரிவில் வேலை பார்க்கும் டாக்டர் ஒருவர்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு மகன்: அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய், எலும்புக்குப் பரவிடுச்சு. ஒரு வாரமா முதுகுவலி. நேத்துலேர்ந்து கால் துவளுது, யூரினும் சரியாப் போகல. வியாழக்கிழமை ஓ.பி. வரைக்கும் பொறுக்கலாமா?

பொறுக்காதீங்க. உடனே 108-ஐக் கூப்பிடுங்க. முதுகெலும்புல இருக்கிற கட்டி தண்டுவடத்தை நெரிக்குதான்னு பார்க்கணும். ஆட்டோல உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போக வேண்டாம், படுக்க வெச்சே கொண்டு போங்க. முடிஞ்சா கதிர்வீச்சு வசதி உள்ள ஆஸ்பத்திரியாப் பாருங்க. கேஷுவாலிட்டில "முதுகுவலி"ன்னு மட்டும் சொன்னா வலிக்கு ஊசி போட்டு அனுப்பிடக்கூடும். "எலும்புக்குப் பரவின கேன்சர், நேத்துலேர்ந்து கால்ல பலம் இல்ல, யூரின் அடைச்சிருக்கு"ன்னு இதே வரிசையில சொல்லுங்க. டெக்ஸாமெத்தசோன் (வீக்கத்தைக் குறைக்கிற ஸ்டீராய்டு), எம்.ஆர்.ஐ., கதிர்வீச்சுன்னு அடுத்தடுத்து வேகமா நடக்கணும். கொஞ்சமாவது நடக்கும்போதே சிகிச்சை ஆரம்பிச்சவங்க பெரும்பாலும் நடையைக் காப்பாத்திக்கிறாங்க. கால் முழுசா விழுந்தப்புறம் வந்தா, பலம் திரும்புறது அபூர்வம். நோய் குணமாகாதுதான். அதுக்காக மிச்ச நாளைப் படுத்தே கழிக்கணும்னு இல்லையே.

ஃபைலை எடுத்துட்டுப் போங்க. டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ஸ்கேன், மாத்திரைச் சீட்டு.

சேலம்: கீமோ போட்டுப் பத்து நாள். 101 காய்ச்சல். பாராசிட்டமால் கொடுத்துட்டுக் காலைல பார்க்கலாமா?

கூடாது. கீமோவுல இருக்கிறவங்களுக்கு 100.4 வந்தாலே அவசரம். வெள்ளணு குறைஞ்சிருக்கிற நேரம் இது. ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாட்டிக் ஊசி ஏறணும். கீமோ தேதியை மொதல்ல சொல்லுங்க. ஃபைல்.

தஞ்சாவூர்: அம்மா நாலு நாளா ரெண்டு ஸ்பூன் கஞ்சிதான். கேஷுவாலிட்டி போய் குளுக்கோஸ் ஏத்தினா தெம்பு வருமா?

நீங்க சொல்ற குளுக்கோஸ் 5 சதவீதக் கரைசல்னா, அரை லிட்டர் பாட்டில்ல இருக்கிறது 25 கிராம் சர்க்கரை. அவ்வளவுதான். முற்றின நிலையில உடம்பு அந்தத் தண்ணியையும் தாங்காம கால் வீக்கம், நெஞ்சுச் சளின்னு கொண்டு வந்து விடலாம். வாயைப் பஞ்சால நனைச்சு விடுங்க, கேட்டதை ஒரு வாய் கொடுங்க. வாந்தி பேதியில வறண்டிருந்தாலோ, திடீர்னு குழப்பமாப் பேசி, தாகமும் மலச்சிக்கலும் சேர்ந்திருந்தாலோ கதை வேற. ரத்தத்துல கால்சியம் ஏறியிருக்கலாம். அப்போ ட்ரிப்ஸே மருந்து, போங்க.

கரூர்: மாமா சாப்பிடல. குளுக்கோஸ்...

மேல தஞ்சாவூருக்குச் சொன்னதைப் படிங்க.

விருதுநகர்: மார்ஃபின் கொடுத்தா மூச்சு நின்னுடும்கிறாங்களே?

வலிக்குத் தக்க அளவு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினா நிக்காது. கூடவே மலமிளக்கி வேணும். நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க.

கேஷுவாலிட்டி டியூட்டி டாக்டர் ஒருவர்: மேடம், எழுதறது சுலபம். ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சுத் திணறி வர்றாங்க. கையில ஒரு பேப்பர் கிடையாது. கூட ஆறு பேர், ஆளுக்கொரு பேச்சு. மூச்சுக்குழாய்ல டியூப் போட்டு வென்டிலேட்டர் வைக்கலன்னா என் சட்டையைப் பிடிப்பாங்க.

போட்டுத்தான் ஆகணும், உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். நான் குடும்பத்தோட சண்டை போடுறேன். உயிர் நீட்டிப்புச் சிகிச்சை வேண்டாம்னு முன்கூட்டியே எழுதி வைக்கலாம்னு 2018-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2023-ல அதை எளிதாக்கி, ரெண்டு சாட்சி, நோட்டரி இல்லன்னா கெஜட்டட் ஆபீசர் போதும்னாங்க.

அதே டாக்டர்: அப்படி எழுதி வெச்சதைச் செயல்படுத்த ரெண்டு மெடிக்கல் போர்டு, அதாவது டாக்டர்கள் குழு, கூடணும், ஒவ்வொண்ணுக்கும் 48 மணி நேரம். எனக்கு நாலு நிமிஷம்.

சரியான பாயிண்ட். அதனாலதான் கேன்சர் டாக்டர்கிட்ட இன்னிக்கே ஒரு கடிதம் வாங்கி வைக்கச் சொல்றேன்: நோய் எந்த நிலை, இனி நோக்கம் வலி தணிப்புதான், நோயாளி விருப்பம் என்ன. அது சட்டப்படி உங்களைக் காப்பாத்தாது. ஆனா அந்த ஆறு பேர்கிட்ட பேச உங்க கையில ஏதோ இருக்கும்.

நாகர்கோவில்: அண்ணன் சார்ஜாவுல இருக்கான். "காசைப் பத்திக் கவலைப்படாதே, வென்டிலேட்டர் வை"ங்கிறான். அம்மா வேண்டாம்ங்கிறாங்க.

அம்மாவுக்குப் பேச்சு இருக்கும்போதே வீடியோ கால் போட்டு, அவங்க வாயாலயே சொல்ல வைங்க. டியூபைப் பிடுங்காம இருக்கக் கையைத் துணியால கட்டிலோட கட்டலாம், பேச முடியாது, காலையும் சாயங்காலமும் கொஞ்ச நேரம்தான் பார்க்க விடுவாங்கன்னு நீங்க சொல்லுங்க. நிமோனியா மாதிரி சரியாகிற பிரச்சினைன்னா ஐ.சி.யூ. நியாயம். நுரையீரல் பூராவும் கட்டின்னா, குறைஞ்ச அளவு மார்ஃபினும் முகத்துக்கு நேரா ஒரு ஃபேனும் கொடுக்கிற நிம்மதியை அந்த மெஷின் கொடுக்காது.

டியூட்டி டாக்டர்: அண்ணன் விமானம் பிடிச்சு வந்து இறங்கினதும் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்பார், பாருங்க.

ஆரம்பிப்பார். அந்தக் கடிதத்தைக் காட்டுங்க.

ஈரோடு: தாத்தாவுக்கு ட்ரிப்ஸ்...

தஞ்சாவூர்.

தேனி: வீட்டிலேயே இறந்துட்டா போலீஸ், போஸ்ட்மார்ட்டம்னு வருமா?

தெரிஞ்ச நோயில இயற்கையா இறந்தா அதெல்லாம் கிடையாது. பார்த்துக்கிட்டிருந்த டாக்டர் காரணம் எழுதிக் கொடுப்பார். 21 நாளுக்குள்ள இறப்பைப் பதிவு பண்ணுங்க. "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்துல வலி தணிப்பு நர்ஸ் வீட்டுக்கே வருவாங்க; ஆரம்ப சுகாதார நிலையத்துல இப்பவே பேர் கொடுத்து வைங்க.