அந்தக் கடிதத்தை ஏலத்துக்கு அனுப்பாதீர்கள்

கேள்வி: 18 வருடமாக அரிய முதல் பதிப்புகளும் எழுத்தாளர்களின் கடிதங்களும் சேர்த்து வருகிறேன். மூன்று வருடம் முன்பு ஒரு வியாபாரியிடம் 1931 தேதியிட்ட கடிதம் ஒன்று வாங்கினேன். போன மாதம் பார்த்த நிபுணர் போலி என்கிறார், தாள் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிர்கிறதாம். வியாபாரியோ "இத்தனை வருட அனுபவத்தில் உங்களுக்குத் தெரியாததா" என்று கேலி செய்கிறார். வழக்கு போடவா, ஏலத்தில் விட்டுக் காசை எடுத்துவிடவா?

பதில்: கேலியை விடுங்கள். முக்கியமானது பில். நீங்கள் அனுப்பிய பில்லில் "எழுத்தாளர் கைப்பட எழுதிக் கையொப்பமிட்டது" என்றே இருக்கிறது, "எழுதியதாகக் கருதப்படுவது" என்று இல்லை. அது விற்றவர் கொடுத்த உறுதி. அவரும் ஏமாந்துதான் விற்றார் என்றாலும் பொறுப்பு அவருடையதுதான். தாள் விஷயமும் உங்கள் பக்கம்: அப்படி ஒளிர வைக்கும் வெண்மையூட்டிகள் காகிதத்துக்குள் வந்தது 1950ஐ ஒட்டித்தான். நிபுணர் சொன்னதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்குப் பயமெல்லாம் அந்த ஏல யோசனைதான். நிபுணர் சொன்ன நிமிடத்திலிருந்து நீங்கள் விஷயம் தெரிந்தவர், தெரிந்துகொண்டே வாய் திறக்காமல் விற்றால் நேற்று ஏமாந்தவர் நாளைக்கு மோசடிக்காரர், நிபுணருக்கு நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியே போதும் நிரூபிக்க. என்னிடம் வந்த ஒருவர் "உள்ளது உள்ளபடி விற்பனை" என்று ஒரு வரி போட்டால் தப்பிக்கலாம் என்று நம்பி விற்றார். வாங்கியவர் போலீசுக்குப் போனார். என் கட்சிக்காரர் குற்றவாளிக் கூண்டில் நின்றார், அவருக்கு முதலில் விற்றவர் வீட்டில் நிம்மதியாக இருந்தார்.

வழக்கிலும் இரண்டு பள்ளம் இருக்கிறது. ஒன்று தாமதம். இங்கிலாந்தில் ஒருவர் ஜான் கான்ஸ்டபிள் என்ற பிரபல ஓவியர் வரைந்தது என்று 1944ல் வாங்கிய ஓவியம் அந்த ஓவியர் வரைந்ததில்லை என்று ஐந்து வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டார், உடனே போய்த் திருப்பிக் கொடுக்கப் பார்த்தும் காலம் கடந்துவிட்டது என்று 1950ல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. உங்களுக்கு ஏற்கனவே மூன்று வருடம் போயாயிற்று, அதனால் காலவரம்பை இந்த வாரமே ஒரு வக்கீலிடம் காட்டிக் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று நீங்கள் பெருமையாகச் சொல்லும் அந்த 18 வருடம். 1990ஐ ஒட்டி அதே இங்கிலாந்தில் போலி ஓவியத்தை வாங்கிய ஒரு கலைப்பொருள் வியாபாரி தோற்றார், விற்றவர் சொல்லை நம்பாமல் தன் கண்ணை நம்பி வாங்கினார் என்று காரணம் சொன்னார்கள். உங்கள் வியாபாரி கேலியாகச் சொன்னதைத்தான் நாளை அவருடைய வக்கீல் வாதமாக வைப்பார்.

அதனால் சமரசத்துக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். நிபுணர் அறிக்கையோடு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். முக்கால்வாசிப் பணம் தருகிறேன் என்றாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பேச்சு நடக்கும்போது ஊரெல்லாம் அவரைத் திருடன் என்று எழுதி வைக்காதீர்கள், அவதூறு வழக்கு அவருக்குக் கிடைத்த வரம் ஆகிவிடும். பணம் வங்கியில் ஏறிய பிறகே கடிதம் கை மாற வேண்டும். அப்புறம், இதை அசல் என்று இனி யாருக்கும் விற்கமாட்டேன் என்று ஒப்பந்தத்தில் அவரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள்.